முட்டிக்கால்: ‘வால்கஸ்’ உட்சாய்வா, புறச்சாய்வா?

வணக்கம். பெரியவர்களுக்கான முழங்கால் பயிற்சிக் கையேட்டுக்குச் சொல் தேடுகிறேன். நிற்கும்போது முட்டிகள் ஒட்டிக்கொண்டு கணுக்கால்கள் விலகி நிற்கும் ‘ஜெனு வால்கம்’ நிலைக்கு ‘முழங்கால் உட்சாய்வு’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

———

> முழங்கால் உட்சாய்வு

படிப்பவருக்குப் புரியும். ஆனால் வால்கஸ் என்பதையே ‘உட்சாய்வு’ ஆக்கினால் மற்ற மூட்டுகளில் இடறும். வால்கஸ் மூட்டு போகும் திசையைச் சொல்லவில்லை. மூட்டுக்குக் கீழே உள்ள பகுதி உடலின் நடுக்கோட்டை விட்டு விலகுவதைச் சொல்கிறது. முட்டிக்காலில் நம் கண்ணுக்குப் படுவது உள்ளே வரும் முட்டி. வால்கஸ் குறிப்பது வெளியே விலகும் கணைக்காலை. ஹாலக்ஸ் வால்கஸில் பெருவிரல் சுண்டுவிரல் பக்கம் போகிறது, முழங்கை வால்கஸில் முன்கை வெளியே போகிறது. மூன்றுக்கும் பொருந்துவது ‘புறச்சாய்வு’தான். எதிர்ப்பதமான வேரஸுக்கு ‘அகச்சாய்வு’.

லத்தீனில் வால்கஸ் என்றால் முதலில் வில்கால், அதாவது முட்டிகள் விலகி நிற்கும் கால். பிறகு பொருள் தலைகீழாகிவிட்டது. அந்தக் குழப்பம் தமிழுக்கு வேண்டாம்.

மருத்துவர் பகுதியில் ‘முழங்கால் புறச்சாய்வு’, தலைப்பில் ‘முட்டிக்கால்’ என்று வைக்கலாம். மக்களிடம் சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

———

புறச்சாய்வுக்கு என் ஒப்புதல். ஆனால் கையேட்டுக்கு இன்னொரு சொல்லும் கட்டாயம் வேண்டும். எலும்பின் கோணம் ஒன்று. படி இறங்கும்போது முட்டி உள்ளே விழுவது வேறொன்று. இரண்டையும் ‘முட்டிக்கால்’ என்றே எழுதினால், பயிற்சி செய்தால் கால் நேராகிவிடும் என்று படிப்பவர் நம்பிவிடுவார். வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளும் இடம்) மூடிய வயதில் எந்தப் பயிற்சியும் எலும்பை நிமிர்த்தாது. இடுப்பின் பக்கவாட்டுத் தசை வலுவானால் முட்டி விழுவது குறையலாம், வலியும் தணியலாம். இதற்கு ‘முட்டி உட்சரிவு’ என்று முன்மொழிகிறேன். சாய்வு நிலையைக் காட்டும், சரிவு அசைவைக் காட்டும்.

பார்க்கும் முறையையும் சேருங்கள்: 15 முதல் 20 செ.மீ. உயரப் படியில் ஒற்றைக் காலில் நின்று, கண்ணாடியைப் பார்த்தபடி மற்றக் குதிகால் தரையைத் தொடும்வரை மெல்ல இறங்க வேண்டும். முட்டி இரண்டாவது கால்விரலுக்கு நேராக இருந்தால் நல்லது. பெருவிரலைத் தாண்டி உள்ளே போனால் உட்சரிவு. பாதத்தைத் திருப்பி வைத்தால் சரிவு சரியாகத் தெரியாது.

———

> முட்டி உட்சரிவு

மிகப் பொருத்தம். அந்த இடுப்புத் தசைக்கான ‘க்ளாம்ஷெல்’ பயிற்சிக்குச் ‘சிப்பித் திறப்பு’ என்று போடலாமா? ஒருக்களித்துப் படுத்து, முட்டிகளை மடக்கி, குதிகால்கள் ஒட்டியிருக்க மேல்முட்டியை மட்டும் திறப்பது. 12 முறை வீதம் 3 சுற்று, வாரம் 3 நாள். 8 வாரமாவது தொடர வேண்டும். பலரும் தவறுவது ஓரிடத்தில்: முட்டி திறக்கும்போது இடுப்பும் பின்னால் உருண்டுவிடும், பிட்டத் தசைக்கு வேலையே இராது. முதுகையும் பிட்டத்தையும் சுவரில் ஒட்டிப் படுத்தால் உருளாது.

———

‘சிப்பித் திறப்பு’ படமாகவே தெரிகிறது, வைத்துக்கொள்ளலாம்.

‘ஆஸ்டியாட்டமி’க்கு வரைவில் உள்ள ‘எலும்பு முறிப்பு’ கூடாது, விபத்துபோல் ஒலிக்கிறது. முட்டிக்காலுக்குப் பெரும்பாலும் தொடை எலும்பின் கீழ்முனையை அளந்து வெட்டி, கோணத்தைத் திருத்தி, உலோகத் தகடு வைத்துத் திருகுவார்கள். ‘எலும்புக் கோணத் திருத்தம்’ என்றால் என்ன செய்கிறார்கள் என்பது விளங்கும். சில வாரம் ஊன்றுகோல் தேவைப்படும் என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள்.

வளர்ந்த பிறகு கோணம் புதிதாகக் கூடினால், அதிலும் ஒரு காலில் மட்டும் கூடினால், பயிற்சிப் பக்கத்துக்கு அனுப்பாதீர்கள். மூட்டின் வெளிப்புறக் குருத்தெலும்பு தேய்ந்திருக்கலாம். இடுப்பு முதல் கணுக்கால் வரை நின்ற நிலையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

———

அப்படியானால் ‘கணுக்கால் இடைவெளி’ என்ற பதிவை இப்படித் திருத்துகிறேன்: ‘முட்டிச்சில்லுகள் நேர்முன்னே பார்க்க, முட்டிகள் அழுத்தாமல் தொட்டபடி நிற்கையில், இரு உட்கணுக்கால் எலும்புகளுக்கும் இடையே உள்ள தூரம், செ.மீ.யில். தொடை பருத்தவருக்கு இந்த அளவு கூடுதலாகக் காட்டும்.’