ஒரே சேர்வரில் மூன்று தளங்கள்: எந்தப் பெயருக்கும் கோயில் தளமே திறக்கிறது

கேள்வி (கோப்பாய்)

வணக்கம். எங்கள் சனசமூக நிலையம், அதன் நூலகம், அயலிலுள்ள கோயில் ஆகிய மூன்றின் இணையத்தளங்களும் 192.0.2.10 என்ற ஒரே ஐபி முகவரியில், அப்பாச்சி 2.4 என்ற இணையச் சேர்வர் மென்பொருள் இயங்கும் ஒரே சேர்வரில் உள்ளன. உள்ளமைவுக் கோப்பில் ஒவ்வொரு தளத்துக்கும் உரிய வேர்ச்சுவல்ஹோஸ்ட் பிரிவுகளில், கோயிலுடையது 192.0.2.10:80 என்றும், மற்றவை *:80 (எந்த ஐபி முகவரியும்) என்றும் தொடங்குகின்றன. தளத்தின் பெயரைக் குறிக்கும் சேர்வர்நேம் வரி மூன்றிலும் சரியாகவே உள்ளது. ஆயினும் நூலகத்தின் முகவரியைக் கொடுத்தாலும் கோயில் திருவிழா அறிவித்தலே வருகிறது. பெயரைப் பார்த்துத்தானே சேர்வர் தளத்தைத் தெரிவுசெய்கிறது?

பதில் 1 (நல்லூர்)

பெயரைப் பார்ப்பது இரண்டாவது படி. இணைப்பு வந்து சேர்ந்த ஐபி முகவரிக்கும் போர்ட்டுக்கும் (இங்கே 80 என்ற எண்) மிகக் குறிப்பாகப் பொருந்தும் பிரிவுகளை அப்பாச்சி முதலில் பிரித்தெடுக்கிறது. அவற்றுக்குள் மட்டுமே, உலாவி அனுப்பும் ஹோஸ்ட் தலைப்பை, அதாவது கேட்கப்பட்ட தளப்பெயரை, சேர்வர்நேம், சேர்வர்அலியாஸ் (தளத்தின் மாற்றுப்பெயர்) ஆகியவற்றுடன் ஒப்பிடுகிறது. உங்கள் சேர்வரில் முதற்படியிலேயே கோயிலின் பிரிவு தனித்து நின்றுவிடுவதால், நட்சத்திரக் குறியிட்ட இரண்டும் போட்டிக்கே வருவதில்லை. பெயர் எதனுடனும் பொருந்தாதபோது அத்தொகுதியின் முதற்பிரிவே பதிலளிக்கும் என்பதால், பிழைச் செய்திகூட இல்லாமல் கோயில் தளம் திறக்கிறது.

மூன்றையும் *:80 என மாற்றுங்கள். அப்பாச்சிசீரிஎல் கட்டளையைப் பெரிய எஸ் தெரிவுடன் (apachectl -S) இயக்கினால், எந்தப் பெயர் எந்தக் கோப்பின் எந்த வரியில் உள்ளது என்பதையும், இயல்புநிலைத் தளம் எது என்பதையும் அது காட்டும். இத்தகைய சிக்கலில் உள்ளமைவுக் கோப்புகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட அந்தப் பட்டியலை நம்புவதே நல்லது.

பதில் 2 (பருத்தித்துறை)

மேற்கூறியது சரி. மாற்றிய பின் வரிசையையும் கவனியுங்கள். அப்பாச்சியில் நட்சத்திரக் குறியுள்ள அலியாஸுக்கும் முழுப்பெயருக்கும் முன்னுரிமை வேறுபாடு இல்லை; கோப்பில் முதலில் பொருந்துவதே வெல்லும். என்ஜின்எக்ஸ் என்ற மற்றொரு சேர்வர் மென்பொருள் அப்படியன்று: முழுப்பெயர், நட்சத்திரத்தில் தொடங்கும் மிக நீளமான பெயர், நட்சத்திரத்தில் முடியும் மிக நீளமான பெயர், அதன் பின்னரே ரெஜெக்ஸ் (பெயரின் எழுத்துக்கோலத்தை விவரிக்கும் குறியீடு) என்ற ஒழுங்கில் தேடும். ஆகவே ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவோர் உள்ளமைவை வரிக்கு வரி பெயர்த்தெழுதக் கூடாது.

கேள்வி கேட்டவர்

மூன்று தளங்களும் இப்போது தத்தம் பெயரில் திறக்கின்றன, மிக்க நன்றி. நூலகத்துக்கு .இலங்கை என முடியும் தமிழ்ப் பெயர் ஒன்றும் பெற எண்ணியுள்ளோம். அதைத் தமிழ் எழுத்திலேயே சேர்வர்அலியாஸில் இடலாமா?

பதில் 1 (நல்லூர்)

இடாதீர்கள். உலாவி தமிழ்ப் பெயரை, ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு ஆகியவை மட்டுமே கொண்ட புனிகோட் வடிவுக்கு மாற்றியே ஹோஸ்ட் தலைப்பில் அனுப்புகிறது. எனவே அந்த வடிவத்தையே எழுத வேண்டும்.