பதினாறு பேர் வேலை செய்யும் கல் பட்டறையில் தொழிலாளர் உடல்நலத்துக்கு எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கல்பட்டறைக்காரர், ஆத்தங்குடி

அனைவருக்கும் வணக்கம். ஆத்தங்குடியில் என் தகப்பனார் காலத்திலிருந்து தரைக்கல் பட்டறை நடத்தி வருகிறோம். இப்போது பதினாறு பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஐந்து பேர் பெண்கள். சென்ற மாதம் தொட்டியிலிருந்து கல் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் மயங்கி விழுந்தார். காரைக்குடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபோது சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. தமக்குச் சர்க்கரை இருப்பதே அந்த 43 வயதுக்காரருக்கு அன்றுதான் தெரிந்தது. இன்னும் மூன்று பேருக்கு விரல் இடுக்கில் சிமெண்ட் புண் ஆறுவதும் வருவதுமாக இருக்கிறது.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடியைப் படுக்கவைத்து, அதன்மேல் பூ அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஒவ்வொரு கட்டமாக ஊற்றுவோம். அச்சை எடுத்ததும் உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, அதற்குமேல் ஈரக்கலவையை அழுத்தி மட்டமாக்குவோம். மறுநாள் கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிச் சில நாள் ஊறவைத்துப் பிறகு உலர்த்துவோம். கண்ணாடியிலிருந்து கல் தானாகப் பிரிந்து வரும்போது அதன் மேல்பரப்பு பளபளப்பாக இருக்கும். எல்லாம் கைவேலைதான்.

மயங்கி விழுந்த சம்பவத்துக்குப் பிறகு, தெரிந்தவர் ஒருவரை வரவழைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை யோகாசன வகுப்பு வைத்தேன்; ஏழு பேர் வந்தார்கள், அடுத்த வாரம் ஒருவரும் வரவில்லை. வாங்கிக் கொடுத்த கையுறைகள் ஆணியில் தொங்குகின்றன. பெரிய நிறுவனங்களில் இதற்கென்று தனி அலுவலர், உடற்பயிற்சிக்கூடம், ஆண்டுப் பரிசோதனை எல்லாம் இருப்பதாகப் படிக்கிறேன். எங்களைப் போன்ற சிறு பட்டறையில், அதிகச் செலவில்லாமல், உண்மையில் பயன் தரக்கூடியதாக எதைச் செய்யலாம்?

பதில் 1: ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், தேவகோட்டை

தம்பி, யோகாசனத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். நாள் முழுவதும் குனிந்து நிமிர்கிறவர்களை ஞாயிற்றுக்கிழமையும் குனிந்து நிமிரச் சொன்னால் வரமாட்டார்கள். அவர்கள் மேல் தவறில்லை.

நான் பணியில் இருந்தபோது கல் பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்ததும் எல்லோரும் எங்கே கை கழுவுகிறார்கள் என்பதை நாளைக்கு ஓரமாக நின்று கவனியுங்கள். கல் ஊறும் தொட்டியிலேயே கையை முக்கி அலசிவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டு போவார்கள். பார்வைக்கு அது தெளிந்த தண்ணீர்தான். ஆனால் சிமெண்டிலிருந்து கரைந்த சுண்ணாம்பு முழுவதும் அதில் இருக்கிறது. நல்ல தண்ணீரின் காரஅமில அளவு 7 என்றால், சுண்ணாம்பு நிறையக் கரைந்த தண்ணீரில் அது 12ஐத் தாண்டும். புண்ணுள்ள கையை அதில் கழுவுவது புண்ணுக்குச் சுண்ணாம்பு தடவுவதற்குச் சமம். ஆகவே முதல் செலவாக, தொட்டிக்கு எட்டி ஒரு நல்ல தண்ணீர்க் குழாயும் ஒரு சோப்பும் வையுங்கள். குழாய், வேலை செய்யும் இடத்திலிருந்து பத்தடிக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் தொட்டிதான் ஜெயிக்கும். வேலைக்கு முன் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் போதும் என்று சிலர் நம்புகிறார்கள். கழுவித் துடைத்த பிறகு தடவினால் வறட்சிக்கு உதவும். முன்னால் தடவுவது சிமெண்டைத் தடுக்காது.

சிமெண்டில் மிகச் சிறிய அளவில் குரோமியம் இருக்கிறது. அது சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் தோல் சிவந்து வெடிக்கும். உங்கள் மூவரில் யாருக்காவது விடுமுறை நாட்களில் புண் ஆறி, வேலைக்கு வந்த இரண்டாம் நாளே திரும்புகிறது என்றால் தோல் மருத்துவரிடம் காட்டிவிட்டு, ஈரக்கலவையிலிருந்து அவரை மாற்றி அடுக்குதல், கட்டுதல் போன்ற வேலைக்கு விடுங்கள். அதே கூலியில் மாற்ற வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

தூசிக்கு வருவோம். மணல் சலிக்கும்போது பறக்கும் பொடியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்தால், அது செய்யும் கேட்டை எந்த மருந்தும் திருப்பாது. முகத்தில் துண்டு கட்டுவது கண்ணுக்குத் தெரியும் தூசியைத்தான் நிறுத்தும். சலிப்பதைக் கூரைக்கு வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி வைத்துக்கொள்ளுங்கள். சலிக்கிறவர் மட்டுமாவது என்95 முகக்கவசம் அணியட்டும். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் தண்ணீர் தெளித்து வழித்தெடுங்கள்.

சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். ஆனால் அவர்கள் வரும் பகல் நேரத்தில் உங்கள் ஆட்கள் பட்டறையில் இருப்பார்கள். அதற்காகவே 2024இல் இத்திட்டம் பணியிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. உங்கள் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி நாள் கேளுங்கள். அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் உட்காரவையுங்கள்; கல்லைத் தூக்கிய கையோடு வந்து நின்றால் எல்லோருக்கும் அதிகமாகத்தான் காட்டும். வேறு வேறு நாட்களில் பார்த்தும் 140க்கு 90 அல்லது அதற்குமேல் இருந்தால் சிகிச்சைக்கு அனுப்புங்கள். முக்கியமாக, சீட்டு அவரவர் கையில் மட்டும் போகட்டும். நீங்கள் பார்க்க வேண்டாம். நோய் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை யாரும் விரலை நீட்டமாட்டார்கள்.

கடைசியாக ஒன்றைக் கேட்டுவிடுகிறேன், கோபிக்க வேண்டாம்: பதினாறு பேர் இருக்கிறார்களே, இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிவு செய்திருக்கிறீர்களா? பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கு அது பொருந்தும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு உங்கள் பங்கு 3.25 விழுக்காடு, அவர்கள் பங்கு 0.75. பதினைந்தாயிரம் வாங்குகிறவருக்கு நீங்கள் கட்டுவது மாதம் 487 ரூபாய் 50 காசு. தகுதிக்குரிய நாட்கள் வேலை செய்திருந்தால், உடல்நலமில்லாமல் படுத்துவிட்ட காலத்தில், ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் எழுபது விழுக்காடு கிடைக்கும். உங்கள் ஊரிலிருந்து மருந்தகம் எவ்வளவு தொலைவு என்பதையும் கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 2: ஜவுளிக்கடை ஊழியர், காரைக்குடி

பொருள் வாங்கிவைப்பது மட்டும் போதாது என்பதற்கு எங்கள் கடையைச் சொல்கிறேன். 2021இல் தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்காரும் வசதி தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். எங்கள் தளத்திலும் நான்கு முக்காலி வந்தது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் ஒரு பார்வை பார்ப்பார். இப்போது அந்த முக்காலிகளில் சேலைப் பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் கையுறை ஆணியில் தொங்குவதற்கும் ஒரு காரணம் இருக்கும்; அதைக் கேட்டுப் பாருங்கள்.

பதில் 3: பலகாரக்கார ஆச்சி, பள்ளத்தூர்

தம்பி, நான் பழைய வீடொன்றின் இரண்டாங்கட்டில் பலகாரம் போடுகிறேன். பதினொரு பெண்கள் இருக்கிறார்கள். தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை, தீபாவளிக்கு முன் அதிரசம். கோடையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன் நிற்பது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு, மண்பானையும் எலுமிச்சைச்சாறும் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் பானை அப்படியே நிறைந்திருந்தது. ஒரு வாரம் நானும் திட்டிப் பார்த்தேன். பிறகுதான் ஒரு பெண் தயங்கிச் சொன்னாள்: கழிவறை பின்கட்டைத் தாண்டிக் கொல்லையில் இருக்கிறது, தாழ்ப்பாள் சரியில்லை, அதனால் காலையில் வீட்டில் போய்விட்டு வந்தால் மறுபடி வீட்டுக்குப் போய்த்தான் என்று எல்லோரும் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்களாம். சிறுநீர்த் தொற்று என்று ஆளாளுக்கு மாறி மாறி விடுப்பு எடுத்ததன் காரணம் அன்றுதான் எனக்கு விளங்கியது. ஒரு தாழ்ப்பாள், ஒரு விளக்கு, ஒரு வாளி, மூடியுள்ள ஒரு குப்பைக்கூடை. அவ்வளவுதான் செலவு. பானை இப்போது ஒரு நாளைக்கு இரண்டு முறை காலியாகிறது.

உங்களிடம் ஐந்து பெண்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களிடம் நீங்கள் கேட்டால் சொல்லமாட்டார்கள். உங்கள் வீட்டுப் பெண்களில் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

பதில் 4: கல் போடுகிறவன்

நான் வேறொரு பட்டறையில் பதினெட்டு ஆண்டுகளாகக் கல் போடுகிறேன். ஆச்சி சொன்னதும் ஐயா சொன்னதும் சரி. ஆனால் யாரும் கூலியைப் பற்றிப் பேசவில்லை. எங்களுக்குக் கல் கணக்கில் கூலி. நான் எழுந்து போய்க் கை கழுவி வரும் நேரத்தில் இரண்டு கல் போய்விடும். தடித்த கையுறை போட்டுக்கொண்டால் கரண்டி பிடி கொள்ளாது. வண்ணம் பக்கத்துக் கட்டத்தில் சிந்தினால் அந்தக் கல் கழிவு, கழித்த கல்லுக்குக் கூலி கிடையாது. இப்படிக் கணக்கு வைத்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள் என்றால் எப்படிப் பார்த்துக்கொள்வது?

அச்சில் ஊற்றுகிறவனுக்கு மருத்துவமனையில் போடுவதுபோன்ற மெல்லிய நைட்ரைல் கையுறையும், தொட்டியில் கல் எடுக்கிறவனுக்கு முழங்கை வரை வரும் ரப்பர் கையுறையும் என்று பிரித்து வாங்குங்கள். இரண்டு வேலைக்கும் ஒரே உறை உதவாது. இன்னொன்று, தொட்டி தரைமட்டத்தில் இருந்தால் ஒவ்வொரு கல்லுக்கும் குனிய வேண்டியிருக்கும். அடுத்த முறை தொட்டி கட்டும்போது இடுப்பளவு உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள்.

மறுமொழி: கல்பட்டறைக்காரர்

ஐயாவுக்கும் ஆச்சிக்கும் மற்ற இருவருக்கும் நன்றி. பதில்களைப் படித்த மறுநாள் ஓரமாக நின்று பார்த்தேன். பதினாறில் பதின்மூன்று பேர் தொட்டியில்தான் கை கழுவினார்கள். உண்மையைச் சொன்னால், சிறுவயதிலிருந்து நானும் அதில்தான் கழுவியிருக்கிறேன். குழாய் போட்டாகிவிட்டது. இரண்டு வகைக் கையுறைகளும் வந்திருக்கின்றன. மெல்லியதை எட்டுப் பேர் விடாமல் போடுகிறார்கள், மற்றவர்களுக்கு உள்ளே வியர்க்கிறதாம், அதனால் மாற்றுக்கு இன்னொரு சோடி கொடுத்திருக்கிறேன்.

கூலிக் கணக்கை முழுவதும் மாற்ற என்னால் இப்போது முடியாது, வியாபாரம் அப்படி. காலையும் மாலையும் பதினைந்து நிமிடம் வேலையை நிறுத்தி, அந்த அரை மணிக்குச் சராசரிக் கல் கணக்குப் போட்டுக் கூலியில் சேர்க்கிறேன். இ.எஸ்.ஐ. பதிவு செய்யவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. தணிக்கையாளரிடம் தாள்களைக் கொடுத்திருக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கடிதம் போயிருக்கிறது.

பெண்களிடம் என் தாயார் பேசினார்கள். கழிவறை பற்றி ஒன்றும் இல்லை, தண்ணீர் வரும் நேரம்தான் பிரச்சினை என்றார்களாம்; அதையும் சரிசெய்தேன். கோடைக்கு, காலை ஐந்தரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடித்துவிடலாமா என்று எல்லோரையும் கேட்டேன். ஊருக்குள் இருப்பவர்கள் சரி என்கிறார்கள். வெளியூரிலிருந்து வரும் நான்கு பேருக்கு முதல் பேருந்தே ஆறு மணிக்கு மேல்தான். இந்த நால்வருக்கு என்ன வழி செய்யலாம் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.