பரண்ல கெடச்ச கறுப்பு யூனிஃபார்ம், எந்தப் படையோடது?

அருவங்காட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். குன்னூர் பக்கம் நாங்க வாங்குன பழைய வீட்டுப் பரண்ல ஒரு ட்ரங்க் பெட்டி இருந்துச்சு, வீடு வித்தவங்களக் கேட்டா முன்னாடி வாடகைக்கு இருந்த மிலிட்டரிக்காரர் யாரோ விட்டுட்டுப் போனதா இருக்கும், பேரெல்லாம் ஞாபகம் இல்லன்னுட்டாங்க. மேல ரெண்டு கம்பளி, அடியில முழுக் கறுப்புல ஒரு யூனிஃபார்ம். சட்டையும் பேண்ட்டும் ஒண்ணாத் தெச்சது, தொடையில பெரிய பாக்கெட், தோள்பட்டியில மட்டும் பித்தள பட்டன். எங்க மாமா கறுப்புப் பூனைப் படைதான்னு அடிச்சு சொல்றாரு, ஜெயலலிதா கோடநாடு வந்தப்பல்லாம் கோத்தகிரி ரோட்ல பாத்திருக்காராம். காலேஜ் படிக்கிற தம்பி ஹிட்லர் ஆளுங்களோடதுங்கறான். வெலிங்டன்ல இருக்கற மெட்ராஸ் ரெஜிமென்ட்காரங்க இப்படி கறுப்பு போட்டு நான் பாத்ததில்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மலைரயில்:
மாமா சொல்றதுதான் கரெக்ட் ப்ரோ, கறுப்புன்னாலே பூனைப்படைதான்.

கேத்தி_கிறுக்கன்:
அப்படிப் பாத்தா இப்ப ஊட்டி ரிசார்ட் வாசல்ல நிக்கிற பவுன்சர்கூட கறுப்பு கார்கோ, கறுப்பு பூட்ஸ்தான், அவரும் கமாண்டோவா? கலர வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. தம்பி சொல்றது ஹிட்லரோட எஸ்எஸ் படைய, அவங்க ட்ரெஸ் 1932ல வந்தது, அது கோட்டு, பெல்ட்டு, பேண்ட்டுன்னு தனித்தனியா இருக்கும், சண்ட ஆரம்பிச்சப்புறம் அவங்கள்லயே முக்காவாசிப் பேர் சாம்பல் கலருக்கு மாறிட்டாங்க. ஜெர்மன் டேங்க் ஆளுங்களும் கறுப்புதான் போட்டாங்க, காலர்ல மண்டையோடு வேற இருக்கும், அதப் பாத்துட்டு எஸ்எஸ்னு நெனச்சுக்கறவங்க நெறய. இத்தாலில முசோலினி ஆளுங்களும் கறுப்புச் சட்டதான். நம்மூர்ல 1940கள்ல பெரியாரோட கருஞ்சட்டைப் படை இருந்துச்சு, ஆனா அது வெறும் சட்ட, உங்க கையில இருக்கறது வேற சமாச்சாரம்.

பழைய_தஃபேதார்:
தம்பி, ஒண்ணாத் தெச்ச கறுப்புன்னா அது டேங்க் ஆளுங்க போடற டங்கிரி, அதாவது ஓவரால் மாதிரி தெரியுது. நான் ஆர்மர்டு கோர்ல, அதாவது நம்ம டேங்க் படையில இருந்தவன். டேங்க்ல ட்ராக் கழட்டி மாட்டற அன்னிக்கு வந்து பாத்தீங்கன்னா புரியும், முழங்கை வரைக்கும் க்ரீஸ், என்ஜின் ஆயில் முதுகுல வழியும், காக்கி போட்டுட்டுப் போனா அந்தத் துணி அன்னியோட சரி. கறுப்புல கறை தெரியாது, வேற ரகசியம் ஒண்ணுமில்ல. வெள்ளக்காரன் டேங்க் படைக்கு 1924ல கறுப்பு பெரே தொப்பி குடுத்ததும் இதுக்காகத்தான், அதே தொப்பிதான் எங்களுக்கும். ஒத்தத் துணியா இருந்தாத்தான் உள்ள எறங்கறப்ப எங்கயும் மாட்டாது.

பூனைப்படை ஆரம்பிச்சதே 1984ல. அதுக்கு முன்னாடி 1980ல லண்டன்ல ஈரான் தூதரகத்துக்குள்ள பிரிட்டிஷ் எஸ்ஏஎஸ் கமாண்டோக்கள் கறுப்பு ட்ரெஸ்ல பூந்தத டிவில ஒலகமே பாத்துச்சு, அப்புறம்தான் கமாண்டோன்னா கறுப்புன்னு எல்லா நாட்டுலயும் மனசுல பதிஞ்சுது. டேங்க் ஆளு ஏன் குன்னூர் பக்கம் வந்தான்னு கேக்காதீங்க, வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்குப் படிக்க எல்லாப் படை ஆபீசரும் வருவாங்க, வெளிநாட்டுக்காரங்களும் வருவாங்க. அதனால மொதல்ல பட்டனப் பாருங்க, கிரீடமா சிங்கமா? கழுத்துக்குப் பின்னாடி உள்பக்கம் லேபிள் இருக்கா? தோள்பட்டியில ஓட்ட ஏதாச்சும் தெரியுதா?

அருவங்காட்டான்:
ஐயா, பட்டன்ல சிங்கம்தான். லேபிள் பாதி அழிஞ்சு போச்சு, ஒரு அம்புக்குறியும் 1978ம் மட்டும் தெளிவா இருக்கு. தோள்பட்டியில சுத்திலும் சின்னச் சின்ன ஊசி ஓட்ட, வளைஞ்சு போகுது. அந்த எடம் மட்டும் துணி இன்னும் நல்ல கறுப்பு, மத்ததெல்லாம் வெளுத்துடுச்சு.

பழைய_தஃபேதார்:
அப்ப சிங்கம்ங்கறதால நம்ம நாடு, அதுவும் குடியரசு ஆனப்புறம். 1978ல பூனைப்படையே பொறக்கல. தோள்ல ரெஜிமென்ட் பேரக் காட்டறதுக்கு டைட்டில்னு பேரு, அது பித்தளைன்னா ரெண்டு பெரிய ஓட்டதான் இருக்கும், உங்களது துணி டைட்டில், யாரோ பொறுமையா நூலப் பிரிச்சு எடுத்திருக்காங்க. அந்த வளைவ அளந்து ஃபோட்டோ போடுங்க, ரெஜிமென்ட் எதுன்னு எங்க வாட்ஸப் க்ரூப்ல கேட்டுடலாம். நம்ம பக்கத்துப் பசங்க அதிகம் இருக்கற டேங்க் ரெஜிமென்ட் 16 லைட் கேவல்ரி, 1776லயே மெட்ராஸ் குதிரப்படையா இருந்தது, 1965 பாகிஸ்தான் போர்ல சியால்கோட் பக்கம் சண்ட போட்டது. அதுவா இருந்தா எனக்கு சந்தோஷம், ஆனா இப்பவே முடிவு பண்ணாதீங்க.

பெட்ஃபோர்டு_அக்கா:
அதுக்குள்ள தொவச்சுப்புடாதீங்க, லேபிள்ல மிச்சம் இருக்கறதும் போயிடும். குன்னூர் ஈரத்துக்கு பூஞ்சணம் புடிக்கும், நல்லா வெயில் அடிக்கிற அன்னிக்கு நெழல்ல காயப்போட்டு காட்டன் துணில சுத்தி வைங்க. தம்பி அதப் போட்டுட்டு பைக்ல சுத்தப் போறான்னா வேணாம்னு சொல்லுங்க, ராணுவத்துக்காரன்னு நம்ப வெக்கற மாதிரி உடுப்பு போட்டா கேஸு, பிஎன்எஸ்னு இருக்கற புது குற்றச் சட்டத்துல 168வது பிரிவுல மூணு மாசம் வரைக்கும் உள்ள வெக்கலாம்.

அருவங்காட்டான்:
தொவைக்கலீங்க அக்கா. ஐயா, நாளைக்கு ஸ்கேல் வெச்சு ஃபோட்டோ போடறேன். தம்பி ஒத்துக்கிட்டான். மாமாகிட்ட 1978ன்னு லேபிளக் காட்டுனா, அப்ப அது பூனைக்குட்டிப் படையா இருக்கும்ங்கறாரு.