பியர் காய்ச்சும் அடுப்பில் ப்ளோயர்: சுடர் மஞ்சளாகிறது, கரி படிகிறது

கேள்வி: 50 லிட்டர் பாத்திரம், புரொப்பேன் பர்னர். ரெகுலேட்டரைக் கூட்டினால் சுடர் மஞ்சளாகி அடியில் கரி பிடிக்கிறது. ப்ளோயர் (காற்று ஊதும் மின்விசிறி) வைத்தால் சரியாகுமா? எவ்வளவு பெரியது வேண்டும்?

பதில் 1: மஞ்சள் சுடர் என்றால் காற்று போதவில்லை. முதலில் ஜெட்டை (வாயு பீறிடும் சிறு துளை) சுத்தம் செய்து, பர்னரில் காற்று நுழையும் இடத்திலுள்ள தகட்டை முழுக்கத் திறந்து பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே தீர்ந்துவிடும்.

பதில் 2: கனஅளவில் ஒரு பங்கு புரொப்பேன் வாயுவுக்குச் சுமார் 24 பங்கு காற்று வேண்டும். 20 கிலோவாட் பர்னர் மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ வாயு எரிக்கும். அதற்கு மணிக்கு 20 கனமீட்டர் காற்று போதும். ஆக, சின்ன ப்ளோயரே தாராளம். ஆனால் கம்ப்யூட்டர் ஃபேன் போன்றது வேண்டாம், குழாயின் எதிர்ப்பைத் தாண்டித் தள்ளாது. சென்ட்ரிஃபியூகல் வகை (சக்கரம் சுழன்று காற்றை வெளிப்புறமாக வீசித் தள்ளுவது) தான் வேண்டும். காற்றை உறிஞ்சும் வாயில் நகரும் தகடு ஒன்று பொருத்துங்கள். சுடர் நீலமாகி பர்னரில் ஒட்டி நிற்கும் வரை மெல்லத் திறக்கவும். சுடர் தூக்கி எழும்பினால் காற்று அதிகம். உபரிக் காற்று சூட்டையும் அள்ளிக்கொண்டு போய்விடும்.

பதில் 3: வாயு ஒருபோதும் ப்ளோயருக்குள் போகக்கூடாது, மோட்டார் பொறியே போதும் தீப்பிடிக்க. ப்ளோயரைத் தாண்டிய பிறகே ஜெட் வரவேண்டும். மின்சாரம் போனால் வாயுவும் நிற்க, மின்சாரம் இல்லாதபோது மூடியே இருக்கும் சோலினாய்டு வால்வை (மின்சாரத்தால் திறக்கும் வால்வு) ப்ளோயரின் அதே மின் இணைப்பில் கொடுங்கள். மின்சாரம் திரும்பும்போது அது தானாகத் திறக்காதபடி, கையால் அழுத்தினால்தான் இயங்கும் சுவிட்ச் அவசியம். எல்லாமே திறந்தவெளியில்தான்.