ஜாஸுக்கு டியூப் ஆம்ப்: 6வி6-ஆ, 6எல்6-ஆ?

வணக்கம். என்னிடம் இருப்பது ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) பொருத்திய ஆர்ச்டாப் (மேற்பலகை வளைந்த) கிட்டார், 12 கேஜ் ஃப்ளாட்வவுண்ட் (வழவழப்பாகச் சுற்றிய) கம்பி. டிரம்ஸோடு வாசித்தாலும் ஒலி உடையாத, கையால் செய்த டியூப் ஆம்ப் ஒன்று வேண்டும்.

ஃபெண்டரின் டீலக்ஸ் ரிவெர்ப் வழிவந்த, இரண்டு 6வி6 பவர் டியூப் (ஸ்பீக்கரை இயக்கும் டியூப்) கொண்ட 22 வாட் ஆம்ப்களில் ஹம்பக்கர் சீக்கிரமே கரகரக்கிறது. தடித்த கம்பிகளில் கார்டு பிடித்தால் சுரங்கள் குழைந்துவிடுகின்றன. முதல் ப்ரீஆம்ப் டியூபான 12ஏஎக்ஸ்7-க்குப் பதில் 12ஏஒய்7 போட்டால் கெயின் (பெருக்கம்) குறையும், ஆனால் பவர் டியூபின் ஹெட்ரூம் (ஒலி உடையாமல் தாங்கும் அளவு) அதிகரிக்காது. அதனால் அதைவிடத் திறன் கூடிய 6எல்6 பவர் டியூப் இரண்டு, சுமார் 40 வாட் என்று தேடுகிறேன். ஃபெண்டரின் 85 வாட் ட்வின் ரிவெர்ப் ஆம்ப் அருமையான ஒலிதான், தூக்கி மாளாது.

இந்த அளவில் 12 அங்குல ஸ்பீக்கரா, 15-ஆ? 15-இல் அடிச்சுரம் கூடி ஆர்ச்டாப் ஊளையிடுமா (ஃபீட்பேக்)? ஸ்டெப்டவுன் (மின்னழுத்தத்தைக் குறைக்கும் தனிப் பெட்டி) இல்லாமல் 230 வோல்ட்டுக்கே டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத் தரும் தயாரிப்பாளர்கள் யார்? வாசித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.