ஃபைஃப் கடற்கரையில் கோல்ஃப் தவிர என்ன இருக்கிறது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

ஸ்காட்லாந்து என்றாலே நம்மவர்கள் எடின்பரோ கோட்டை, லோக் நெஸ், ஸ்கை தீவு என்றுதான் கேட்கிறார்கள். எடின்பரோவுக்கு வடக்கே ஃபோர்த் கழிமுகத்தைக் கடந்தால் வருகிற ஃபைஃப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. விசாரித்தாலும் பேச்சு செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்தோடு நின்றுவிடுகிறது. ஃபைஃபின் கிழக்கு மூலையை ஈஸ்ட் நியூக் என்பார்கள். ஈலி, செயின்ட் மோனன்ஸ், பிட்டன்வீம், ஆன்ஸ்ட்ரதர், கிரெய்ல் என்று வரிசையாக மீனவ ஊர்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் இப்போது நாங்கள் முதலில் கூட்டிப்போவது அங்கேதான்.

ஆன்ஸ்ட்ரதர் துறைமுகத்தில் படகு ஏறி ஐல் ஆஃப் மே தீவுக்குப் போகலாம். பஃபின் பறவைகளைப் பார்க்கலாம் என்று தெரிந்துதான் போனோம். ஆனால் கரையில் கால் வைத்ததும் எங்களை எதிர்கொண்டவை ஆர்க்டிக் ஆலாக்கள். பாதையோரமாகவே முட்டையிட்டிருக்கும். நாம் நடக்க ஆரம்பித்ததும் கத்திக்கொண்டே நேராகத் தலையைக் குறிவைத்துப் பாய்ந்து, அலகால் கொத்தும். தொப்பி போட்டிருந்தாலும் உறைக்கும். எது உயரமாகத் தெரிகிறதோ அதைத்தான் தாக்கும் என்பதால் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொல்கிறார்கள். என் மாமியார் மடக்கிய குடையை உயர்த்திப் பிடித்தபடி நிதானமாக நடந்து போய்விட்டார். சுமார் 100 கிராம் எடையுள்ள பறவை அது. இங்கே குஞ்சு பொரித்துவிட்டு அண்டார்டிகா வரை பறந்து போய் மறுபடி இதே தீவுக்கு வருகிறது என்பதை அங்கே நின்று கேட்டபோது, கொத்து வாங்கிய கோபமெல்லாம் போய்விட்டது.

பஃபின்கள் அதற்கு நேர்மாறு. ஓசையில்லாமல் புல்வெளியில் நிற்கும். தீவில் பல்லாயிரம் ஜோடிகள் மண்ணுக்குள் பொந்து தோண்டிக் குடியிருக்கின்றன. அலகு நிறைய வெள்ளி நிறத்தில் மெல்லிய மீன்களைக் குறுக்காக அடுக்கிக்கொண்டு பறந்துவந்து இறங்கிய கணமே பொந்துக்குள் ஓடிவிடும். கடற்காகங்கள் பக்கத்திலேயே காத்திருக்கின்றன, கொஞ்சம் தயங்கினாலும் மீன் போய்விடும். தயவுசெய்து பாதையை விட்டு இறங்காதீர்கள். மண் முழுக்கப் பொந்து. மிதித்தால் மேல்கூரை இடிந்து குஞ்சு உள்ளேயே புதைந்துவிடும்.

அதே தீவில் 1636இல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் மிச்சம் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் முதல் கலங்கரை விளக்கம் அதுதான். கண்ணாடியும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. கோபுர உச்சியில் இரும்புக் கூடையில் இரவெல்லாம் நிலக்கரி எரிப்பார்கள். கரி மூட்டைகளை மேலே ஏற்ற ஆட்கள் அங்கேயே தங்கியிருக்க வேண்டும். 1791இல் ஒரு குளிர்கால இரவில் அதன் புகையால் காவலரும் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள், கைக்குழந்தை மட்டும் பிழைத்தது. பக்கத்தில் கோட்டை மாதிரி கம்பீரமாக நிற்கும் 1816ஆம் ஆண்டு விளக்கத்தைத்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். நான் அந்தக் குட்டையான பழைய கோபுரத்தின் பக்கத்தில்தான் அதிக நேரம் நின்றேன்.

அப்புறம் செயின்ட் மோனன்ஸ். ஊருக்குக் கிழக்கே கடலோரமாக ஒரு காற்றாலை தனியாக நிற்கும். மாவு அரைக்க அல்ல, கடல்நீரை மேலே இறைக்கக் கட்டியது. 18ஆம் நூற்றாண்டில் அங்கே உப்புக் காய்ச்சினார்கள். உப்பளம் என்றதும் நமக்குத் தூத்துக்குடி வெயில்தான் ஞாபகம் வரும். இந்த ஊர் வெயிலில் உப்பு எங்கே விளையும்? பெரிய இரும்புத் தட்டுகளில் நீரை ஊற்றி, பக்கத்துச் சுரங்கத்துக் கரியைப் போட்டு எரித்துக் காய்ச்சினார்கள். அந்தக் காய்ச்சுக் கொட்டகைகளின் அடித்தளங்கள் புல் மூடிய மேடுகளாக இன்னும் தெரிகின்றன. உப்பின் பின்னால் இத்தனை உழைப்பா என்று அங்கே நின்றால் புரியும்.

ஆன்ஸ்ட்ரதர் மீன்பிடி அருங்காட்சியகம் 1969 முதல் இருக்கிறது. ஹெர்ரிங் மீனைக் குடல் எடுத்து, உப்பிட்டு, பீப்பாயில் அடுக்கிய பெண்களைப் பற்றிய பகுதியை மட்டும் அவசரமில்லாமல் பாருங்கள். மீன் கூட்டம் நகர நகர ஷெட்லாந்திலிருந்து இங்கிலாந்தின் கிரேட் யார்மவுத் வரை துறைமுகம் துறைமுகமாக அவர்களும் போயிருக்கிறார்கள். கத்தி வெட்டும் உப்பும் படாமல் விரல் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றிக்கொள்வார்களாம்.

வேறு யாராவது போயிருந்தால் எழுதுங்கள். நாங்கள் பார்க்காதது நிறைய இருக்கும்.

மறுமொழி:

அக்கா, நான் செயின்ட் ஆண்ட்ரூஸில் படித்தவன். ஈலி சங்கிலிப் பாதையை விட்டுவிட்டீர்களே! ஈலிக்கு மேற்கே கின்கிரெய்க் பாறை முனையில், கடலை ஒட்டிய செங்குத்துப் பாறைகளில் சங்கிலி பதித்திருக்கிறார்கள். அதைப் பிடித்து ஏறி, இறங்கி, பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த வளைவுக்குப் போக வேண்டும். சங்கிலிகள் முதலில் போட்டு நூறு வருஷம் ஆகப்போகிறது, பிறகு மாற்றியிருக்கிறார்கள். கயிறு, தலைக்கவசம், கட்டணம் எதுவும் கிடையாது. ஒரு இடத்தில் கால் வைக்கப் பாறையில் வெட்டிய குழியைக் கண்ணால் பார்க்க முடியாது, காலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கீழே பாசி. அப்போது கை நடுங்கியது உண்மை. முடித்ததும் திரும்ப அதே வழியில் போகலாமா என்று கேட்டேன், அதுவும் உண்மை.

ஒன்று முக்கியம். கடல் உள்வாங்கியிருக்கும்போது மட்டும்தான் போகலாம். நீர் ஏறினால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். கிளம்பும் முன் அன்றைய நீரேற்ற அட்டவணையைப் பார்த்தே ஆகவேண்டும். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம். அவர்களுக்கு ஈலியின் மறுபக்கம் ரூபி பே இருக்கிறது. மணலைச் சலித்தால் சின்னச் சின்னச் சிவப்புக் கற்கள் கிடைக்கும். பெயரில்தான் ரூபி, கல் கார்னெட். பழைய எரிமலைப் பாறையிலிருந்து உதிர்ந்தவை.

மழை வந்தால் உள்நாட்டுப் பக்கம் ஒரு பண்ணை வீடு இருக்கிறது. பார்க்கச் சாதாரண வீடு. கதவைத் திறந்தால் நீண்ட சுரங்கம், அதன் முடிவில் சுமார் 100 அடி ஆழத்தில் இரண்டு மாடிப் பதுங்கு அறைகள். 1950களில் ரேடார் நிலையமாகக் கட்டத் தொடங்கியது, பிறகு அணுகுண்டுப் போர் வந்தால் அங்கிருந்து அரசு நிர்வாகம் நடத்தும் இடமாக மாற்றினார்கள். 1994இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். படுக்கைகள், வானொலி அறை, சிறிய தேவாலயம் எல்லாம் அப்படியே. முந்நூறு பேருக்கு இடம். வெளியே இருக்கும் குடும்பம் என்ன ஆகும் என்று தெரிந்தே உள்ளே வேலைக்கு வந்திருப்பார்களே, அதுதான் எனக்கு மனதை விட்டு அகலவில்லை.

மறுமொழி:

தம்பி, சங்கிலிப் பாதை அடுத்த முறை கண்டிப்பாக. கார் இல்லாதவர்கள் கேட்டிருந்தார்கள்: 2024 ஜூனில் லீவன் வரை ரயில் மறுபடி வந்துவிட்டது. எடின்பரோவிலிருந்து அதில் வந்து, லீவனில் பேருந்து பிடித்தால் இந்த ஊர்கள் எல்லாம் வரிசையாக வரும். பஃபின் பார்க்க மே முதல் ஜூலைக்குள் வாருங்கள், ஆகஸ்ட் நடுவில் எல்லாம் கடலுக்குப் போய்விடும். காற்று பலமாக இருந்தால் படகு போகாது, அதனால் ஒரு நாள் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.