பழைய வீட்டை மாத்திக் கட்ட ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

கேள்வி (தர்மபுரி):
1998ல கட்டின தரைத்தள வீடு, 900 சதுர அடி. ரெண்டு பாத்ரூம், வயரிங், தரை டைல்ஸ் புதுசாக்கணும். ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடுச்சுவரை எடுக்கணும். மேஸ்திரி பொருளோட சேர்த்து சதுர அடிக்கு ஒரே ரேட் போட்டு ஒரு பக்கத் தாள் குடுத்திருக்கார். முன்பணம் 40 சதவீதம் கேக்கறார். என்னென்ன எழுதி வாங்கணும்ங்க?

பதில் 1:
அந்தத் தாள்ல கையெழுத்துப் போடாதீங்க. சதுர அடி ரேட் புதுக் கட்டடத்துக்குத்தான் சரி. மாத்திக் கட்டற வேலைல உடைக்கறது, இடிபாடு அள்ளறது, சாரம் எல்லாம் அதுல அடங்காது, பாதி வேலைல "எக்ஸ்ட்ரா"னு வரும். வேலைவாரியா ரேட் வாங்குங்க: டைல்ஸ் சதுர அடிக்கு, வயரிங் பாயிண்டுக்கு, பூச்சு சதுர மீட்டருக்கு. பூச்சு அளவுல ஜன்னல், கதவு இடத்தை எவ்வளவு கழிக்கறதுன்னும் (ஜன்னல் கழிவு) எழுதணும். கட்டட வேலையை அளக்கற இந்தியத் தர விதி ஐஎஸ் 1200 படி அரை சதுர மீட்டர் வரை திறப்புக்குக் கழிவு இல்லை, அதுக்கு மேல 3 சதுர மீட்டர் வரை சுவரோட ஒரு பக்கப் பூச்சுல மட்டும் கழியும்.

முன்பணம் 10 சதவீதம் போதும். மீதி, முடிச்ச வேலைக்குத்தான். கடைசி 5 சதவீதத்தை ஐப்பசி மழை தாண்டற வரை நிறுத்தி வைங்க.

பதில் 2:
பாத்ரூம்தான் பணத்தைத் தின்னும். பழைய டைல்ஸ் மேலயே ஒட்டக் கூடாது. ஸ்லாப் தெரியற வரை உடைக்கணும்னு எழுதுங்க. வாட்டர்ப்ரூஃப் ரெண்டு கோட், ஒண்ணுக்கு ஒண்ணு குறுக்கா, சுவர்ல ஒரு அடி ஏத்தி, ஷவர் பக்கம் 6 அடி. டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி 48 மணி நேரம் தண்ணி கட்டி நிறுத்தணும். சுவர்ல பதிக்கற சிபிவிசி (சுடுதண்ணி தாங்கற பிளாஸ்டிக்) பைப்பைப் பூசறதுக்கு முன்னாடி பம்பு வச்சு அழுத்தம் ஏத்திப் பார்க்கணும். இதைத் தாண்டிட்டுப் பூசிட்டா ஒழுகல் எங்கன்னு தேடி மறுபடியும் சுவரை உடைக்க வேண்டியதுதான்.

வயர் கனத்தையும் குறிப்பிடுங்க: லைட் 1.5, பிளக் 2.5, கீசர் 4 சதுர மில்லிமீட்டர், எஃப்ஆர் (தீ பரவாத உறை போட்ட) வயர். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா கரண்டைத் துண்டிக்கற சுவிட்ச்) கட்டாயம்.

பதில் 3:
அந்த நடுச்சுவரை ஒப்பந்தத்துக்கு முன்னாடியே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்கட்டும். அந்தக் காலத்து வீடுகள் பலதுல 9 இஞ்ச் சுவர்தான் கூரையைத் தாங்குது, தூண் இருக்காது. அப்படின்னா பீம் போடற செலவு தனி.

போர் தண்ணி உப்பா இருந்தா டெஸ்ட் பண்ணுங்க. குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம் தாண்டினா கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு ஆகாது. அப்போ லாரித் தண்ணிக்குக் காசு யார் குடுக்கறதுன்னும் தாள்ல வரணும்.